கடைசி ஃபில்டர்

"பயப்படாதடா, ஹேண்ட் பிரேக் நல்லாத்தான் போட்டிருக்கு. நசுங்க மாட்டான்."

சின்னவன் இதைச் சொன்னது வாசற்படியில் படுத்திருந்த நாயிடம். சுவரோரத்து மினி லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த பெரியவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தாயிற்று. முற்றமும் நாயும் மட்டும் பிரிக்க வழியில்லாமல் பொதுவில் கிடந்தன. முற்றத்தில் இரண்டு லாரிகள். ஒற்றுமையாக இருந்த காலத்தில் ஒரே நாளில், ஒரே நிறத்தில் வாங்கியவை.

பேச்செல்லாம் இப்போது ஜாடைதான், நாய் மூலமாக. தம்பியின் முகத்தை மட்டுமல்ல, அவன் வண்டியின் நம்பர் பிளேட்டைக்கூடப் பார்ப்பதில்லை என்று பெரியவன் வைராக்கியமாக இருந்தான்.

"ஏ நாயே, அவன்கிட்ட சொல்லு!" அடியிலிருந்து கத்தினான் பெரியவன். "இன்னைக்கு மலைமேல கம்பெனி கேட்டுக்குள்ள யார் வண்டி முதல்ல நுழையுதோ, அவனுக்குத்தான் வருஷம் பூரா லோடு. மூச்சு வாங்குற வண்டிய வச்சிக்கிட்டு மேடு ஏறப்போறாராம் துரை!"

உண்மையில் இரண்டு வண்டிக்கும் ஒரே சீக்கு. டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, மேட்டைக் கண்டாலே திணறின. அந்த மாடலுக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் இருந்தது ஒரே ஒரு ஃபில்டர்.

விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, பெரியவன் அதை அமுக்கிவிட்டான். "தம்பி வந்து கேட்டா, அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டான்னே சொல்லு" என்று சொல்லிவிட்டும் வந்தான். வயிறு எரிந்து சாகட்டும் என்றுதான். நடந்து வந்த வேகத்தில், வீட்டுக்குள்கூடப் போகாமல், தன் வழக்கமான சுவரோரத்துக்கு வந்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டான்.

தரையெல்லாம் ஈரம். சட்டை முதுகோடு ஒட்டியது. அவன் மனைவி சாவியும் கையுமாக வந்து குனிந்தாள்.

"ஏங்க, நீங்க கடைக்குப் போயிருந்தப்போ தண்ணி லாரி வந்துச்சு. அது உள்ள வரணும்னு ரெண்டு வண்டியையும் வெளிய..."

"வேலை நேரத்துல தண்ணி, வெந்நீர்னு வந்து நிக்காத. உள்ள போ!"

"சொல்ல வந்தா வாயை அடைக்கிறீங்க. எனக்கென்ன வந்துச்சு?" வெடுக்கென்று திரும்பிப் போய்விட்டாள்.

பழைய ஃபில்டர் லேசில் மசியவில்லை. அறுந்த பெல்ட் ஒன்றைச் சுற்றிப் போட்டு முறுக்கினான். கழன்றதும் கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடியது. போன மாதம்தான் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்து விட்டிருந்தான். அதற்குள் இவ்வளவா?

"டீசல் விக்கிறானா, குட்டைத் தண்ணி விக்கிறானா!" பங்க்காரனைப் பரம்பரையோடு இழுத்துத் திட்டினான்.

"டேய், சீக்கிரம் முடிக்கச் சொல்லுடா. நேரமாகுது" என்றான் சின்னவன் நாயிடம்.

பெரியவனுக்கு உச்சி குளிர்ந்தது. முன்னாடியே கிளம்பித் தொலையாமல் உட்கார்ந்திருக்கிறான் பார்! மேட்டை நினைத்தே கால் நடுங்குகிறது, பயலுக்கு.

புது ஃபில்டரில் வடிகட்டிய டீசலை ஊற்றி நிரப்பினான். ரப்பர் வளையத்தில் டீசலைத் தடவி, கையாலேயே இறுக்கினான். பிறகு காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கத் தொடங்கினான். முதலில் நுரை வந்தது. கை வலிக்க வலிக்க அமுக்கினான். காற்று கொஞ்சம் தங்கினாலும் வண்டி தெருமுனையில் படுத்துவிடும். தம்பியாக இருந்தால் நாலு அமுக்கோடு விட்டிருப்பான், சோம்பேறி. நுரையெல்லாம் போய் டீசல் மட்டும் தெளிவாக வழிந்த பிறகுதான் திருகை முடுக்கினான்.

வெளியே உருண்டு வந்து, நேராகக் குழாயடிக்குப் போனான். கையிலும் முகத்திலும் சோப்பைத் தேய்த்தபடி, கடைசியாக ஒரு முறை நாயைக் கூப்பிட்டான்.

"டேய், அவன்கிட்ட சொல்லு. அந்தச் சுவரோரத்து வண்டி இனிமே மலையில ஏறாது, பறக்கும்!"

பதிலுக்கு நாய் வாலை ஆட்டியது. முதுகுக்குப் பின்னால், ஒரே சாவித் திருப்பலில் எஞ்சின் கிளம்பியது. ஒரு திணறல் இல்லை, ஒரு இருமல் இல்லை. மனைவி கோபத்தை மறந்து வண்டியைக் கிளப்பிவிட்டாள் போல.

"பாத்தியா, கேட்டியா சத்தத்தை!" என்று சோப்பு முகத்தோடு திரும்பினான்.

மனைவி வாசலில்தான் நின்றிருந்தாள். அவள் விரலில் சாவி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

லாரி அவனைத் தாண்டி ஊர்ந்து போய், கேட்டருகில் ஒரு கணம் நின்றது. ஓட்டுநர் சீட்டிலிருந்து சின்னவன் தலையை வெளியே நீட்டினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நாயைப் பார்க்காமல், அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினான்.

"உன் வண்டி அந்தப் பக்கம் நிக்குதுண்ணே."