நான்கு ஃபிளாஸ்க்குகள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே, கொதிநீர்க் கூடத்திலிருந்து வெந்நீர் பிடித்து வருவது ஷூஃபென்னின் வேலை என்று அறையிலிருந்த மற்ற மூவரும் முடிவு செய்துவிட்டோம்.

“கிராமத்துக் கை, கனம் தெரியாது. போயிட்டு வாடி,” என்பாள் தாவ் லிங். ஷூஃபென் சிரித்துக்கொண்டே கைக்கு இரண்டாக நான்கு ஃபிளாஸ்க்குகளையும் தூக்கிக்கொண்டு போவாள்.

வடசீன நகரமான ஹார்பினின் குளிரில் படிகள் உறைந்திருந்த ஒரு மாலை, வழுக்கி விழுந்தாள். தலையில் அடி, பிழைக்கவில்லை. ஃபிளாஸ்க்குகளும் நொறுங்கிப்போயின. நாங்கள் புதிதாக மூன்று வாங்கினோம்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய படுக்கையை எடுத்துப்போக அவள் அம்மா வந்தார். போர்வையை மடித்தபடியே பேசினார்.

“நேத்துக்கூட ஃபோன் பண்ணா. பழகிடுச்சும்மா, எல்லாரும் நல்ல பொண்ணுங்கன்னா.”

“அத்தை, கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் தாவ் லிங்.

“ஒரே ஒரு குறைதானாம். ரெண்டு கையிலயும் ஃபிளாஸ்க் இருக்குதாம். எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் நீங்க கதவைத் திறக்கிறதில்லையாம்.”

நாங்கள் யாரும் அசையவில்லை. அவரே போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே எங்களுடைய பழைய ஃபிளாஸ்க்குகள் நான்கும் வரிசையாக நின்றன. மூடிகளின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.