இடது விங்

கல்லூரிக் கால்பந்து அணி இந்த வருடம் தேறியிருக்கிறதா இல்லையா என்று கேலரியில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"வலது விங்குல ஓடுறவன் கொள்ளாம். இடதுலதான் ஆளே இல்ல," என்றான் பின்படியில் உட்கார்ந்திருந்த ஜெபின்.

"ஷிஜின் இருந்திருக்கணும்லே," என்றான் கூட வந்தவன்.

"அவனா? போன வருசம் பைனல்ல ஆளில்லாத போஸ்ட்டுக்கு வெளிய அடிச்சவன். அன்னைக்குப் போனவன், பிறவு மூஞ்சியே காட்டல. பயந்தாங்கொள்ளி."

முன்படியில் இருந்த வறுவேல் திரும்பவில்லை. அவர் ஷிஜினின் அப்பா என்பதும், ஷிஜினுக்கு என்ன ஆனது என்பதும் நகரத்திலிருந்து வந்த அந்தப் பையன்களுக்குத் தெரியாது. பைனலன்று இதே கேலரியில் எல்லோரையும்விட உரக்க மகனைத் திட்டியவர் அவர்தான். வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "பந்தடிக்க வக்கில்லாதவனுக்குப் படிப்பு எதுக்குலே, வள்ளத்துக்குப் போ," என்றார். அவன் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் புயல் அடித்தது; அவன் போன வள்ளம் திரும்பவேயில்லை. அதன்பிறகு கல்லூரி ஆடும் ஒரு ஆட்டத்தைக்கூட வறுவேல் விட்டதில்லை.

ஜெபின் அவர் தோளைத் தொட்டான். "எல்லா மேட்சுக்கும் வாறீங்களே, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அவன் பயந்துதான ஓடுனான்?"

"ஓடல மக்கா. நான்தான் வெரட்டுனேன்."

அந்த நொடியில் பந்து வலைக்குள் போனது. கேலரியே எழுந்து கத்தியது. கூச்சல் அடங்கியதும் ஜெபின் குனிந்து கேட்டான். "என்ன சொன்னீங்க?"

"நல்ல கோலுன்னு சொன்னேன்," என்றார் வறுவேல்.