அன்றைய தலையங்கம்

தலையங்கம் வந்ததும், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அவன் குரல் நின்றது.

நாளிதழில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. தலைப்பு உண்டு. கீழே ஓர் எழுத்துகூட இல்லை. எமர்ஜென்சி தணிக்கை தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.

அவன் அதைத் தாண்டிப் போகவில்லை.

முதல் வரி இருக்க வேண்டிய இடத்தில் கண்கள் தொடங்கின. பிறகு அடுத்த வரி. அதற்கடுத்தது.

மைதீன்பிச்சை பீடிக் கம்பெனியில் அவன் வேலை, சுற்றுகிறவர்களுக்குப் பேப்பர் வாசிப்பது. அவன் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிவிடுவார்கள். கம்பெனி தொடங்கிய நாள் முதல் அப்படித்தான்.

பீடி இலை நறுக்கும் கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இலையை மடியில் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தார்கள்.

வாசலில் இன்ஸ்பெக்டர். அச்சில் இல்லாத ஒரு சொல்லை வாசித்தாலும் கம்பெனிக்குச் சீல் என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருக் கம்பெனி ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. அங்கே வாசித்தவர் எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று அவர் வீட்டாருக்கே தெரியாது.

"ஏலே, ஏன் நிறுத்திட்டே?"

"நிறுத்தல ஐயா. வாசிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து பேப்பரை எட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அச்சில் இல்லாத எதையும்தான் இவன் வாசிக்கவில்லையே, எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

என்ன நெஞ்சழுத்தம் அவனுக்கு!

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார்.

மைதீன்பிச்சை முதலாளி பயந்த சுபாவம். தபால்காரர் மணியடித்தாலே எழுந்து நிற்பார். வேலை கொஞ்சம் நின்றாலும் வயிறு எரிந்துபோகும் மனிதர்.

"வேலையப் பாக்கச் சொல்லும்வே. இல்லேன்னா இப்பமே பூட்டிருவேன்."

முதலாளி எழுந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, இன்ஸ்பெக்டருக்கு எட்டும்படி மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. தலையங்கம் இன்னும் முடியல."

சொல்லிவிட்டு, சுற்றுகிறவர்களோடு தரையில் போய் உட்கார்ந்தார்.

அவன் அடுத்த பத்திக்குப் போனான்.