நீலத் துணிக் கடல்

கடல் விழுங்கிய ஊர்க்காரர்களுக்குப் புதுப் பெயரும் வீடும் கொடுத்த அரசு, பழைய ஊரையும் உறவையும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம் என்று எழுதி வாங்கியிருந்தது. வெள்ளத்தில் பிரிந்த அக்காவைத் தேட ரோஸ்லினுக்கு ஊர் ஊராகப் போகும் தெருநாடகம்தான் வழி.

கோவைத் தெருவில், அவளைப் போலவே ஊரிழந்த பிள்ளைகள் தூக்கிய இருபதடி மீன்காரி பொம்மை மிதந்து வந்தது. "புகையை நிறுத்துங்க, கடல் உங்க வாசலுக்கும் வரும்!" என்று பிள்ளைகள் முழங்கினார்கள். பின்னால் நீலத் துணி அலையலையாகப் புரண்டது.

கூட்டம் கைதட்டியது. ஒருத்தி மட்டும் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, இடுப்புக் குழந்தையைத் தோளில் ஏற்றி, கடைப்படியில் ஏறி நின்றாள்.

பொம்மையின் வயிற்றுக்குள்ளிருந்து ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டாள். மீன்காரி மெல்லக் குனிந்தாள்.

"அக்கா, பயப்படாத. துணிதான்."

அந்தக் குரலைக் கேட்டதும் படியில் நின்றவள் அரசுக்கு எழுதிக் கொடுத்ததையெல்லாம் மறந்து கையை நீட்டிக் கத்தினாள்.

"ரோசு, தண்ணி ஏறுதுடி! மேல வா!"