அடுத்தவன் பொருள்

“ஏங்க, மழை! விறகை மூடுங்க, வெரசா!”

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் வாசலில் நின்று அனுசியா கத்தினாள். போடிமெட்டுப் பக்கமிருந்து மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோருக்குள்ளே, பறித்து வந்த ஏலக்காய் தட்டுகளில் பரப்பிக் கிடந்தது. ராத்திரி முழுக்க அடுப்பு எரிந்தால்தான் காய் பச்சை நிறத்தோடு காயும். விறகு நனைந்தால் அவ்வளவும் வெளிறிப்போகும்.

அவள் புருஷன் முத்துக்கண்ணன் வீட்டிலிருந்த ஒரே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிளந்து குவித்திருந்த விறகைத் தாண்டி ஓடினான். முற்றத்தில் நின்ற விறகு பிளக்கும் மிஷின்மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் கல்லைத் தூக்கி வைத்தான்.

“அது வாடகை மிஷினுங்க!”

“அடுத்தவன் பொருளு, அனுசியா. நாமதான் கருத்தாப் பாத்துக்கணும்.”

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் மெட்டு வரைக்கும் கேட்கும். இன்றைக்கு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அவ்வளவுதான். தலையில் கட்டியிருந்த துண்டைக் காதோடு இழுத்து இறுக்கிக்கொண்டு விறகை வாரி உள்ளே போட ஆரம்பித்தாள். அவனும் ஓடிவந்து வாரினான்.

பாதி விறகு தப்பியது. இன்றைய ராத்திரிக்கு அது போதும்.

அடுப்பில் ரெண்டு கட்டையைத் தள்ளிவிட்டு அனுசியா மெதுவாகப் பேச்செடுத்தாள்.

“எத்தனை நாளைக்குத்தான் வாடகைக்கே எடுக்கிறது? சொந்தமா ஒண்ணு வாங்கிப்போட்டா என்ன?”

முத்துக்கண்ணன் கையிலிருந்த கட்டை நழுவிக் காலில் விழுந்தது. அவனுக்கு அது உறைக்கக்கூட இல்லை.

பின்னே? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவளைக் கேட்காமல் ஏலக்காய் தேய்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி வந்தவன் அவன். அது ஒரு சீசன்கூட ஓடவில்லை. இப்போது அதற்குள் கோழி முட்டையிடுகிறது. ‘இனிமே எனக்குத் தெரியாம ஒரு மிஷின் வாங்குனீக, நான் சிலமலைக்கு எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்’ என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அனுசியா சொன்னால் செய்வாள். பெட்டியைக் கட்டி ஒரு முறை செய்தும் காட்டியிருக்கிறாள்.

“வேணாம் புள்ள,” என்றான் அவசரமாக. “நமக்கு வாடகைதான் தோது. ரிப்பேரானா சாம்சன் பாத்துக்குவான். ஆயில் மாத்துறதெல்லாம் அவன் தலைவலி. சீசன் முடிஞ்சா நமக்கு அதுல என்ன சோலி?”

“போன தடவ ஆயில் மாத்துனது நீங்கதான?”

“அது... அன்னைக்கு அவனுக்கு இடுப்பு வலி.”

“என் சேலையக் கிழிச்சுத் தொடைச்சது?”

“பழைய சேலைதான.”

“சரி, இன்னைக்கு வாடகையவாச்சும் சாம்சன் அண்ணன் செல்லுக்கு நானே போட்டு விடுறேன்.”

“வேணாம், எப்பவும் போல எங்கையில குடு. நான் குடுத்துக்கிறேன். அவனுக்கு நோட்டாப் பாத்தாத்தான் திருப்தி.”

அனுசியா சிரித்தாள். தலைத் துண்டை அவிழ்த்தாள். காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க காதுக்கொன்றாய் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

“கம்மல் எங்க?”

“போடியில, அடகுக் கடையில. காலையில ரேசன் வாங்கப் போறேன்னு எறங்குனது அதுக்குத்தான்.” அவள் குரல் இறங்கியது. “கோடாலி எடுத்த அன்னைக்கெல்லாம் தோளப் புடிச்சுக்கிட்டு முனங்குவீக. மிஷின் வர்ற அன்னைக்குத்தான் மனுசன் தூங்குறீக. அடுத்தவன் மிஷினையே இப்படிப் பாக்குற ஆளு, நம்ம மிஷின்னா எப்படிப் பாப்பாரு? அதான், வர்ற வழியில சாம்சன் அண்ணன் வீட்டுல எறங்கி, இந்த மிஷினையே வெலை பேசி முடிச்சுட்டேன். முழுப் பணமும் குடுத்தாச்சு.”

முத்துக்கண்ணன் காலடியில் கிடந்த கட்டையை எடுத்து அடுப்பில் செருகினான்.

“நல்லது,” என்றான்.

வெளியே ஜீப் வந்து நின்றது. சாயங்காலமானால் மிஷினை ஏற்றிப்போக வருகிற சாம்சன்தான். இன்றைக்குப் பலகையும் இல்லை, கயிறும் இல்லை. வெறும் ஜீப்போடு வந்திருந்தான்.

“வாங்கண்ணே, டீ போட்டுக் கொண்டாறேன்” என்று அனுசியா வீட்டுக்குள் போனாள். முத்துக்கண்ணன் மழையோடு மழையாக ஜீப்புக்கு ஓடினான்.

“ஏன்டா வித்த?”

சாம்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். “மத்தியானத்துலருந்து போன் அடிக்கிறேன் மாப்ளே. மிஷின் சத்தத்துல நீ எடுக்கல.”

“ஏன் வித்தன்னு கேட்டேன்.”

“தங்கச்சி பணத்தோட வாசல்ல வந்து நிக்குது. விக்க மாட்டேன்னேன். ஏன்னு கேட்டுச்சு. வெலை பத்தலையான்னு கேட்டு, கழுத்துச் செயின்ல கை வச்சுச்சு.” சாம்சன் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் என்னத்தச் சொல்றது மாப்ளே? அது நீ வாங்கிப்போட்ட மிஷின்னா?”