கால் அமுக்கும் பெட்டி

வீட்டில் இந்த வருஷம் தீபாவளி கிடையாது; செண்பகத்தின் கணவர் ஆடியில் போய்விட்டார். தள்ளுபடிக்கு அதெல்லாம் தெரியுமா? "உன் கால்வலிக்குத்தாம்மா" என்று மகள் கோமதி கடைக்கு இழுத்துக்கொண்டு வந்து, கால் அமுக்கும் மெஷினுக்குள் இரண்டு பாதங்களையும் நுழைக்கச் சொன்னாள்.

குதிகாலில் தொடங்கிய பிடி இதமாகத்தான் இருந்தது. உள்ளங்காலில் அவளுக்கு எப்போதும் வலிக்கும் இடத்தில் கொஞ்சம் தங்கியது. அப்படியே மேலே ஏறி, பெருவிரலுக்கு அடுத்த விரலில் நின்றுவிட்டது. அந்த விரலை அடிவரை தடவியது. மறுபடியும் தடவியது. பிறகு இன்னொரு காலுக்குப் போய் அங்கேயும் அதே விரலைத் தேடிப் பிடித்தது. வைத்த பொருளைக் காணாத கையின் பதற்றம் அதில் இருந்தது.

"உள்ள விரல் மாதிரி ஏதாச்சும் இருக்காம்மா?" என்று செண்பகம் கடைப் பெண்ணிடம் கேட்டாள்.

"இல்லம்மா, வெறும் காத்துப் பைதான். மொத்தக் காலையும் சேத்துத்தான் அமுக்கும்."

கோமதி பில் போடப் போனாள். கடைப் பெண்ணும் கூடவே போனாள். பெட்டிக்குள் பிடி இறுகியது. செண்பகம் குனிந்து, அதன் வாயருகே மெல்லச் சொன்னாள்:

"ஏங்க, மெட்டியக் கழட்டிட்டாங்க."