பாறைக்கொட்டாய் ஸ்டாப்

"நாராயணம்மா ஒருத்திக்காக நெதமும் வண்டி மண் ரோட்டுல இறங்குது சார். டயரும் போவுது, டைமும் போவுது."

டிரைவர் திருமலை சொன்னதைக் கேட்டு முத்துக்குமார் நெற்றியைத் தேய்த்தார். செல்போன் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் பஸ்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. வேப்பனப்பள்ளி ரூட் பஸ் லேட் என்று ஷிப்ட் மேனேஜர் வேறு காலையிலேயே கத்தியிருந்தார்.

"அந்தம்மா முன்னெல்லாம் மெயின் ரோட்டுலதான ஏறுவாங்க?"

"ஆமா சார். மாம்பழ சீசன் முடிஞ்சப்போ, பாறைக்கொட்டாய்க்கு வூடு மாறிட்டேன்னாங்க. டவுன் பஸ்ஸே எட்டிப் பாக்காத ஊரு. அங்க யாராச்சும் குடி போவாங்களா?"

நிரந்தர ஊழியர் குடியிருந்தால், பஸ் ஊருக்குள் போய் ஏற்றி வர வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கொள்ள வேண்டும். இது கம்பெனி ரூல். நாராயணம்மா பல வருஷமாக நிரந்தரம்.

மறுநாள் காலை முத்துக்குமாரே அந்த பஸ்ஸில் ஏறினார்.

இன்னும் விடியவில்லை. மெயின் ரோட்டிலிருந்து பஸ் மண் பாதையில் திரும்பியதும் உள்ளே ஒரே முணுமுணுப்பு.

"எங்களுக்கெல்லாம் தூக்கம் போச்சு. மகாராணிக்கு மட்டும் வாசல்ல பஸ்ஸு" என்றாள் மங்கம்மா.

பாறைக்கொட்டாயில் நாராயணம்மா நின்றிருந்தாள். கூடவே ஐந்து பெண்கள். "ரண்டி, ரண்டி, சீக்கிரம் வாங்க" என்று தெலுங்கும் தமிழுமாக விரட்டி, எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள்.

"இந்தப் பொண்ணுங்க யாரு?" முத்துக்குமார் டிரைவரிடம் கேட்டார்.

"எல்லாம் டிரெய்னிங் சார். அந்தம்மாவுக்காக வண்டி வருதுல்ல, இதுங்களும் தொத்திக்குதுங்க."

முத்துக்குமார் நாராயணம்மாவின் சீட்டருகே போனார்.

"ஏம்மா, பழையபடி மெயின் ரோட்டுக்கே வந்து ஏறக்கூடாதா? உங்க ஒருத்தருக்காக இத்தன பேரு லேட்டாகுறாங்க."

"ரூல்ல எனக்கு இடம் இருக்குதுல்ல சார்?"

"இருக்கு. இருந்தாலும்..."

"அப்போ வண்டி வரட்டும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்துக்குமாருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ரூல் பேசுறியா, பாத்துருவோம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பைக்கில் கிளம்பிவிட்டார். பாறைக்கொட்டாய்க்குத் திரும்பும் முன், மெயின் ரோட்டு டீக்கடையில் விசாரித்தார்.

"கம்பெனிக்குப் போற நாராயணம்மா வீடு கொட்டாய்ல எந்தப் பக்கம்ணே?"

"கொட்டாயிலயா? இதோ இந்த வூடுதான் சார்."

கடைக்குப் பக்கத்து வீட்டைக் காட்டினார் டீக்கடைக்காரர். பழைய பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர் வீடு.

"வீடு மாறலையா?"

"எங்க மாறுறது? சொந்த வூடாச்சே."

ரூல் பேசின வாய் இப்போது என்ன பேசும்? முத்துக்குமார் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கம்பெனி பஸ் வந்தது. நாராயணம்மா ஜன்னலோரம் இருந்தாள். சொந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதும் இறங்கவில்லை. பஸ் மண் பாதையில் போனது. கொட்டாயில் அவளையும் அந்தப் பெண்களையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கிருஷ்ணகிரி பக்கம் போய்விட்டது.

அதற்கும் நெடுநேரம் கழித்துத்தான் அவள் வந்தாள். நடந்து. செருப்பெல்லாம் புழுதி.

முத்துக்குமாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வீடு இங்க இருக்கு. பொய் சொல்லி இத்தன நாளா பஸ்ஸ உள்ள சுத்த விட்டுருக்கீங்க. மேனேஜர்ட்ட சொன்னா உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"பின்ன எதுக்கும்மா இந்த வேலை?"

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கு வேலைன்னு மைக்கு கட்டிக் கூப்பிட்டது நம்ம கம்பெனிதான் சார். கொட்டாயிலருந்து அஞ்சு பேரு சேந்தாங்க. யானை வர்ற பாதை. இருட்டுல மெயின் ரோட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு ஒரே வாரத்துல வூட்டுல நிறுத்திட்டாங்க. அதுல கவிப்ரியாங்கற பொண்ணுக்கு மாப்பிள்ளையே பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. பர்மனென்ட் ஆளு இருந்தாத்தான் வண்டி உள்ள வரும்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அந்த ஊர்ல யாரு சார் பர்மனென்ட்டு? அதான் நான் அந்த ஊர்க்காரி ஆயிட்டேன்."

"அப்ப காலையில?"

"நான் நடந்து போவேன். வூட்டுக்காரரு டார்ச் அடிச்சிக்கிட்டு கூட வருவாரு."

"சாயங்காலம் அந்த பஸ்லயே திரும்பி வரலாம்ல?"

"குடியிருக்கற ஊர்ல இறங்காம திரும்பி வந்தா, திருமலையண்ணன் சும்மா விடுவாரா? வண்டி போற வரைக்கும் கவிப்ரியா வூட்டுல உக்காந்திருப்பேன்."

பிறகு, முதல் தடவையாகக் குரல் இறங்கிக் கேட்டாள்.

"என்னை வேணா வேலையவுட்டு நிறுத்திடுங்க சார். அந்தப் புள்ளைங்க பர்மனென்ட் ஆவுற வரைக்கும் வண்டிய மட்டும் நிறுத்திடாதீங்க."

முத்துக்குமார் போனை எடுத்தார்.

"திருமலை, நாராயணம்மா இனிமே மெயின் ரோட்டுலயே ஏறுவாங்க, இறங்குவாங்க."

"அப்பாடா! ரொம்ப நல்லதாப் போச்சு சார். அப்போ நாளைலருந்து உள்ள போக வேணாம்ல?"

"போகணும். அந்தம்மாவ ஏத்திக்கிட்டுப் போ. யாராவது கேட்டா, பாறைக்கொட்டாய்ல பர்மனென்ட் ஆளு இருக்குன்னு நான் சொன்னதாச் சொல்லு."